மேடைக்கல் வாங்குமுன் சில கணக்குகள்

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் விரிசல் விழுந்ததை நாங்கள் கண்டது ஒரு மார்கழிக் காலையில். பெங்களூரில் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடியேறிய நான்காம் ஆண்டு அது. சிங்கின் முன்மூலையிலிருந்து மேடையின் விளிம்புவரை தலைமுடி போல ஒரு கோடு. அழுக்கென்று எண்ணித் துடைத்தோம். ஒரு மாதத்தில் அதில் நகம் இடறியது. ஆறு மாதத்தில் அதன் வழியே கசிந்த நீரால் கீழிருந்த அலமாரியின் பிளைவுட் ஊறி உப்பிவிட்டது.

மட்டமான கல்லை விற்றுவிட்டதாகக் கடைக்காரரைக் குறைகூறவே நாங்கள் ஆயத்தமானோம். பார்க்க வந்த மேஸ்திரி வேறு கூறினார்: "கல்லுல ஒரு குறையும் இல்லீங்க. வெட்டினதுலயும் தாங்கல் குடுக்காததுலயும்தான் தப்பு." சிங்குக்காக வெட்டிய துளையின் மூலைகள் கூரிய செங்கோணமாக இருந்தன. துளைக்கும் மேடை விளிம்புக்கும் இடையே எஞ்சிய கல் ஒன்றரை அங்குலமே. அதன் அடியில் தாங்கல் ஏதுமில்லை. கல் வாங்கிய நாளில் அரை நாளை நிறம் பற்றிய பேச்சிலேயே கழித்த நாங்கள், இம்மூன்றில் ஒன்றைப் பற்றியும் கேட்டிருக்கவில்லை. முடிவில் மேடை முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை கல் வாங்கியபோது நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, வீடு கட்டுகின்ற, சமையலறையைப் புதுப்பிக்கின்ற வாசகர்களோடு இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

பெயர் ஒன்று, கல் பல

கடைகளில் கிரானைட் என்ற பெயரில் விற்கப்படுபவை யாவும் ஒரே வகைக் கல் அல்ல. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா முதலிய கனிமங்கள் பூமிக்கடியில் மெல்லக் குளிர்ந்து இறுகிய பாறையையே நிலவியலார் கிரானைட் என்பர். ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியில் வெட்டப்படும் 'பிளாக் கேலக்ஸி' கப்ரோ இனத்தைச் சேர்ந்த கரும்பாறை. அதில் மின்னும் பொன்னிறப் புள்ளிகள் பிரான்சைட் என்னும் கனிமத்தின் துகள்கள். கர்நாடகத்தின் சாமராஜநகர்க் கருங்கல், இல்கல்லின் இளஞ்சிவப்பு, தெலங்கானாவின் கரீம்நகரிலிருந்து வரும் 'டேன் பிரவுன்', ராஜஸ்தானின் ஜாலோர்க் கற்கள், உத்தரப் பிரதேசத்தின் 'ஜான்சி ரெட்' என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி நிறமும் தனி இயல்பும் உண்டு. 'காஷ்மீர் வைட்' என்ற பெயருடைய வெண்ணிறக் கல்லோ காஷ்மீரத்தில் பிறந்ததன்று. அது மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியில் கிடைப்பது.

ஆகவே பெயரை மட்டும் நம்பி, கையளவு மாதிரித் துண்டைப் பார்த்துக் கல் வாங்குதல் கூடாது. ஒரே பெயருள்ள கல்லே வெட்டியெடுத்த இடத்துக்கேற்ப நிறம் மாறும். இம்முறை நாங்கள் பெங்களூரின் தெற்கேயுள்ள ஜிகணியில் கல் அறுக்கும் கூடங்களுக்கே சென்றோம். எங்கள் மேடைக்குரிய பலகைகளை நேரில் தேர்ந்தெடுத்து, அவை ஒரே பாறையிலிருந்து அறுக்கப்பட்டவை என்பதைக் கேட்டறிந்து, பின்புறத்தில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு வந்தோம்.

ஓரிரவுச் சோதனை

கல்லைத் தெரிவு செய்வதற்குமுன் அதன் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது நலம். நம் சமையலறையில் கல்லுக்குச் சோதனையாக அமைவன மஞ்சள், எண்ணெய், புளி, எலுமிச்சை ஆகியன. துண்டின் மேல் சில துளி நீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைக்கவேண்டும். அவ்விடம் கறுத்துத் தோன்றினால் கல் நீரை உறிஞ்சுகிறது என்று பொருள். வெளிர்நிறக் கற்களில் இது மிகுதி. அத்தகைய கல்லை விரும்பினால், கறை புகாமல் தடுக்கும் சீலர் பூசுவதையும் அதை அவ்வப்போது புதுப்பிப்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

எலுமிச்சைச் சாறு பட்ட இடம் இரவு கழிந்ததும் பளபளப்பிழந்து மங்கினால், அக்கல்லில் சுண்ணாம்புச் சத்து உண்டு. தென்னிந்திய வீடுகளில் நெடுங்காலம் பயன்பட்ட கடப்பைக் கல் சுண்ணாம்புப் பாறையே. புளியும் எலுமிச்சையும் அதை அரித்து மங்கச் செய்வதன் காரணம் அதுவே. கறுப்புக் கல்லாயின் இன்னொரு சோதனையும் வேண்டும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்க்கவேண்டும். துணியில் கறுப்பு ஒட்டினால் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

கடையில் பலகையைச் சாய்வான வெளிச்சத்தில் ஓரத்திலிருந்து நோக்கினால், நேரே பார்க்கையில் தெரியாத விரிசல்கள் தெரியும். விரல்முட்டியால் தட்டினால் நல்ல பலகை கணீரென ஒலிக்கும். பின்புறத்தையும் பார்க்கவேண்டும். வலை ஒட்டியிருந்தால் கல் வலுவூட்டப்பட்டது என அறியலாம். அதற்கான காரணத்தை விற்பவரிடம் கேட்பதில் தவறில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை எங்கள் அனுபவம் ஒன்றே. எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. பழைய கறுப்பு மேடையில் அது காய்ந்தவிடமெல்லாம் வெள்ளைத் தடம் பதிந்தது. புள்ளிகள் நிறைந்த இடைநிறக் கல்லில் அத்தடமும் அவ்வளவாகத் தெரிவதில்லை, மஞ்சளும் தெரிவதில்லை.

அளவும் விலையும்

சதுர அடி விலையைக் கேட்டுவிட்டு மேடையின் பரப்பால் பெருக்கினால் செலவு தெரிந்துவிடும் என்று நாங்கள் முதலில் எண்ணினோம். எங்கள் சமையலறையில் மேடை 'ட' வடிவில் அமைந்தது. நீண்ட பக்கம் 10 அடி, குறுகிய பக்கம் மூலையோடு சேர்த்து 6 அடி, அகலம் 2 அடி. மூலையை இருமுறை எண்ணாமல் கணக்கிட்டால் மேற்பரப்பு 28 சதுர அடி. சுவரையொட்டி 4 அங்குல உயரத்தில் நிறுத்தும் பட்டைக்கு மேலும் 5 சதுர அடிக்குச் சற்று மிகுதியாக வேண்டும். ஆக 33 சதுர அடி.

ஆனால் கடையில் விற்பது பலகை. அது 2 அடி அகலத்துக்குச் சற்றே குறைந்தால் பயனில்லை. 3 அடி அகலமிருந்தால் 1 அடி மீதமாகும். 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உடைய ஒரு பலகையில் நீண்ட பக்கம் முழுவதும் ஒரே துண்டாகக் கிடைத்தது. மீந்த 1 அடியில் சுவர்ப் பட்டைகள் அறுபட்டன. எனவே பலகையைத் தேர்ந்தெடுக்குமுன் வெட்டும் வரைபடம் ஒன்றைத் தாளில் வரைந்துகொண்டால் பணம் மிஞ்சும். எஞ்சுவதைச் சன்னல் அடிக்கட்டைக்கோ வாசற்படிக்கோ பயன்படுத்தலாம்.

மதிப்பீட்டுத் தாளில் கல்லின் விலை, விளிம்பை மெருகிடும் கூலி, சிங்குக்கும் அடுப்புக்கும் துளையிடும் கூலி, ஏற்றுகூலி, பொருத்துகூலி, வரி ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதித்தரச் சொல்லவேண்டும். விளிம்புக்கு நீள அடிக் கணக்கு, துளைக்கு எண்ணிக்கைக் கணக்கு. மொத்தமாகச் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று கூறப்படும் விலையில் இவற்றுள் எவை அடங்கும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாவிடில், இறுதியில் தொகை கூடும். வீட்டைப் புதுப்பிக்கக் கடன் பெறுவோருக்கும் இத்தாள் உதவும். பணத்தை மூன்று தவணையாக, வங்கிக் கணக்கின் வழியே செலுத்தினோம். கடைசித் தவணை, பொருத்திய மேடையைச் சரிபார்த்த பின்பே. ரசீதையும் பத்திரப்படுத்தினோம்.

உயரமும் எடையும்

மேடையின் உயரம் பெரும்பாலும் 32 முதல் 34 அங்குலம்வரை அமைகிறது. எங்கள் பழைய மேடை 34 அங்குலம். வீட்டில் மிகுதியாகச் சமைப்பவர் அம்மா. உயரம் குறைந்தவரான அவர், தோளைத் தூக்கியே காய் நறுக்கிவந்தார். தோள்வலிக்கு மேடையும் காரணமாகலாம் என்பது எங்களுக்கு அதுவரை தோன்றவில்லை. சமைப்பவர் முழங்கையை மடக்கி நிற்க, முழங்கைக்குச் சுமார் 4 அங்குலம் கீழே மேற்பரப்பு அமைவது வசதி. அவ்வாறு அளந்து புதிய மேடையை 32 அங்குலமாகக் குறைத்தோம்.

கல்லின் கனம் 18 மில்லிமீட்டராயின் சதுர அடிக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை. எங்கள் 33 சதுர அடிக்கு அது 150 கிலோவை நெருங்கியது. அலமாரிகளின் மேல் நேரடியாகக் கல்லை அமர்த்துவதாயின் அவை இவ்வெடையைத் தாங்குமா எனத் தச்சரிடம் முன்னரே கேட்கவேண்டும். 10 அடித் துண்டு எங்கள் மின்தூக்கியில் நுழையாது. படிக்கட்டின் திருப்பங்களையும் முன்னரே அளந்தோம். பலகையைத் தட்டையாகத் தூக்கினால் தன் எடையாலேயே முறியக்கூடும். எப்போதும் செங்குத்தாகவே சுமக்கவேண்டும்.

வெட்டுவதும் பொருத்துவதும்

எங்கள் முதல் மேடையைக் கெடுத்தது இப்பகுதியே. சிங்குத் துளையின் நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளையிட்டு, பின் அவற்றை இணைத்து அறுக்கவேண்டும். கூரிய மூலையில்தான் விரிசல் பிறக்கும். துளைக்கு முன்னால் குறைந்தது 3 அங்குலக் கல்லாவது எஞ்சவேண்டும். அப்பட்டையின் அடியில் தாங்கலும் வேண்டும். சிங்கையும், மேடைக்குள் பதிக்கும் அடுப்பையும் முன்னரே வாங்கி, அவற்றையே அளவாகக் கொண்டு துளையிடுவது பாதுகாப்பானது. இரு துண்டுகள் இணையுமிடம் சிங்கின்மீதோ அடுப்பின்மீதோ வரலாகாது. முன்விளிம்பின் அடிப்புறத்தில் ஒரு மெல்லிய பள்ளக்கோடு இழுக்கச் சொன்னோம். மேடையில் வழியும் நீர் அக்கோட்டில் தடைப்பட்டுச் சொட்டிவிடும், அலமாரிக்குள் போகாது.

வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் சரியான செங்கோணத்தில் இரா. ஆகையால் மேஸ்திரி முதலில் அட்டையில் வார்ப்பு வெட்டி, சுவரோடு பொருத்திப் பார்த்து, அதை அறுப்புக் கூடத்துக்கு அனுப்பினார். கல்லை அமர்த்துகையில் நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இணைப்பில் கல்லின் நிறத்துக்கேற்ற எப்பாக்சியும், சுவரோரத்தில் சிலிகோனும் இட்டார். ஒரு நாள் முழுவதும் மேடையின் மேல் எதையும் வைக்கவில்லை.

பணத்தைவிடப் பெரிய கணக்கொன்றும் இதில் உண்டு. கிரானைட்டை உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் தூசியில் நுண்ணிய சிலிக்கா கலந்திருக்கும். அதை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளருக்கு நுரையீரலைச் சிதைக்கும் சிலிக்கோசிஸ் நோய் வருகிறது. அந்நோயாளருக்கென ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கையே வகுத்தது. மூடிய சமையலறையில் உலர் அறுப்பு நடந்தால் அத்தூசி வீட்டாரையும் விடாது. நீர் விட்டு அறுக்கும் கூடத்திலேயே எல்லா வெட்டையும் முடித்துக்கொண்டோம். வீட்டில் தவிர்க்க இயலாத சிறு வெட்டுக்குச் சன்னலைத் திறந்து, கல்லை நனைத்து, மேஸ்திரிக்கும் உதவியாளருக்கும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்தோம். இதற்கான செலவு மிகச் சிறிது.

பொருத்திய பின்

கிரானைட் சூட்டைத் தாங்கும். எனினும் கொதிக்கும் பாத்திரத்தைக் குளிர்ந்த கல்லின்மேல் திடீரென வைப்பதைத் தவிர்த்து மணையைப் பயன்படுத்துகிறோம். கழிப்பறைக்குரிய அமிலத்தால் துடைப்பதில்லை. இளஞ்சோப்பு நீரே போதும். விளிம்பில் தேங்காய் உடைப்பதை அறவே விட்டோம். காயைக் கல்லின்மேல் நறுக்கினால் தேய்வது கத்தியே ஆதலால் அதற்கு மரப்பலகை.

சிங்குக்காக வெட்டியெடுத்த துண்டை நாங்கள் கூடத்தில் விட்டுவரவில்லை. அதன் விளிம்புகளை மெருகிடச் செய்து கொண்டுவந்தோம். இன்று அம்மா அதன்மேல்தான் சப்பாத்தி இடுகிறார். புதிய மேடைக்கு நான்கு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இரவில் துடைத்து முடிக்கையில் சிங்கின் முன்மூலையில் நகத்தால் ஒருமுறை தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. இதுவரை நகம் எங்கும் இடறவில்லை.