பம்புக்குக் கட்டளை இடுவது யார்?

இடுப்பில் ஒரு சிறிய இன்சுலின் பம்ப். கையில் ஒரு குளுக்கோமீட்டர், அதுவே ரிமோட்டும்கூட. சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்து, மீட்டரில் பொத்தானை அழுத்தினால் உடைக்குள் இருக்கும் பம்ப் உரிய டோஸைச் செலுத்திவிடும். அனிமாஸ் நிறுவனத்தின் ‘ஒன்டச் பிங்’ இப்படித்தான் வேலை செய்தது. 2016 அக்டோபரில், அமெரிக்காவிலும் கனடாவிலும் அதைப் பயன்படுத்திய ஏறத்தாழ 1,14,000 பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. மீட்டருக்கும் பம்புக்கும் நடுவே ஓடும் ரேடியோ அலையில் வெளியாள் ஒருவர் புகுந்து இன்சுலின் செலுத்த வைக்க முடியும் என்றது கடிதம். அளவுக்கு மீறி இன்சுலின் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர் ஜே ராட்கிளிஃப். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர். அவரும் சர்க்கரை நோயாளி. அவர் சொன்ன குறைகள் மூன்று. கருவிகளின் பேச்சு பூட்டப்படாமல் வெட்டவெளியில் போனது. இரண்டையும் முதன்முதலாக இணைக்கும்போது பரிமாறிக்கொள்ளும் சாவியும் அப்படியே வெளியே தெரிந்தது. பழைய கட்டளையைப் பதிவுசெய்து திரும்ப அனுப்பினாலும் பம்ப் கீழ்ப்படிந்தது.

மருத்துவத் தகவல் பாதுகாப்பு என்றாலே நோயாளியின் விவரம் கசியாமல் காப்பது என்று நினைக்கிறோம். அதுவும் வேண்டும்தான். ஆனால் பம்பைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி, கட்டளை இடுவது யார் என்பது. வாசலில் தெரிந்த குரல் கேட்டால் கதவைத் திறப்போம். அந்தக் குரலை யாராவது பதிவுசெய்து ஒலிக்கவிட்டால்? இதற்காகத்தான் நல்ல கருவிகள் ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசை எண் இட்டு, சாவி இல்லாமல் போடமுடியாத ஒரு முத்திரையையும் சேர்த்து அனுப்புகின்றன. ஏற்கெனவே வந்த எண் மறுபடி வந்தால் பம்ப் அதைத் தள்ளிவிடும்.

அந்தச் சாவி இரண்டு கருவிகளுக்கும் எப்படிப் போய்ச் சேரும் என்பதில்தான் சிக்கல். 2014-இல் வந்த புளூடூத் 4.2-இல் இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரு கருவிகளும் தத்தம் ரகசிய எண்ணை வெளியே சொல்லாமல், அதிலிருந்து கணக்கிட்ட வேறொரு எண்ணை மட்டும் பரிமாறிக்கொண்டு, ஒரே சாவியை அடைந்துவிடும். ஒட்டுக்கேட்பவருக்கு அது கிடைக்காது. திரையில் ஆறு இலக்க எண்ணைக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னால், நடுவில் நுழைந்து ஆள்மாறாட்டம் செய்வதும் மிகக் கடினம். திரையோ விசையோ இல்லாத கருவிகள் பலவும் இந்தச் சரிபார்ப்பு இல்லாமலே இணைந்துவிடுகின்றன. என் பார்வையில், மருந்தைச் செலுத்தும் கருவிக்கு அப்படி இணைவது போதாது.

இதயக் கருவிகளில் வேறு ஒரு சங்கடம். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இதயத்துக்கு மின்னதிர்வு தரும் ஒரு கருவியைச் சோதனைக்கூடத்தில் சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ரேடியோ அலையால் தங்கள் கட்டளைக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியானால் கடுமையான பூட்டுப் போட்டுவிடலாமே? மயங்கி விழுந்த நோயாளியை முன்பின் தெரியாத மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மருத்துவர் அந்தக் கருவியை உடனே திருத்தியாக வேண்டும். கடவுச்சொல்லைக் கேட்டால் சொல்ல ஆள் ஏது? அதனால் பல கருவிகளில் நெருக்கமே சாவியாகிறது: நெஞ்சின்மேல் ஒரு வாசிப்பானை வைத்தால்தான் பேச்சு தொடங்கும். பேட்டரி இன்னொரு கவலை. பல ஆண்டுகள் உடலுக்குள் ஓட வேண்டியது, கண்டவர் அழைப்புக்கெல்லாம் பதில் சொல்லியே தீர்ந்துவிடக் கூடாது.

பூட்டில் பின்னால் குறை தெரிந்தால் மாற்றவும் முடிய வேண்டும். 2017-இல் அமெரிக்காவில் அபாட் நிறுவனத்தின் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்குப் புதிய மென்பொருள் வந்தது. அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு நேரில் வந்தால் மூன்று நிமிட வேலை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கருவி இருந்தால், புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். பம்பின் ரிமோட் வசதி தேவைப்படாவிட்டால் அணைத்து வையுங்கள். பம்பையும் மீட்டரையும் வீட்டில் வைத்தே இணையுங்கள். 2022-இல் மினிமெட் 600 வகைப் பம்புகளில் ஒரு குறை தெரிந்தபோது, பொது இடத்தில் இணைக்க வேண்டாம் என்றுதான் பயனர்களுக்குச் சொன்னார்கள். எதைக் கேள்விப்பட்டாலும் பயந்துபோய் கருவியை நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள். ஓட்டையைக் கண்டுபிடித்த ராட்கிளிஃபே கழற்றச் சொல்லவில்லை.