50 வயசுக்கு மேல் நீச்சல், சைக்கிள், ஓட்டம்! 'அயர்ன்மேன்' ஆசை இருக்கா? கடலூர், சிதம்பரம்காரர்கள் முதலில் இதை படிங்க

கடலூர்:

விடியற்காலை 5 மணிக்கு கடலூர் சில்வர் பீச்சுக்கு போனால் வாக்கிங் கோஷ்டியை பார்க்கலாம். ஓய்வு பெற்ற வாத்தியார், மின்வாரிய ஊழியர், மளிகை கடைக்காரர், சர்க்கரை வியாதிக்கு பயந்து வந்தவர் என்று பல பேர். சிதம்பரத்தில் அண்ணாமலை பல்கலைக்கழக வளாகத்திலும் இதே காட்சிதான். நடந்தவர்கள் மெதுவாக ஓட ஆரம்பிக்கிறார்கள். ஓடியவர்கள் சைக்கிளை தூசி தட்டி எடுக்கிறார்கள். கடைசியில் ஒருநாள், 'ஏன் நாமும் அந்த ட்ரையத்லான் போட்டிக்கு போகக்கூடாது?' என்ற பேச்சு வந்துவிடுகிறது.

கோவாவில் 2025 நவம்பரில் நடந்த 'அயர்ன்மேன் 70.3' போட்டியை பா.ஜ.க. முன்னாள் மாநில தலைவர் அண்ணாமலை முடித்தபோது, தமிழ்நாட்டில் நிறைய பேர் காதில் இந்த பெயர் விழுந்தது. அதற்கு 10 வருஷம் முன்னாடியே, 2015-ல், இந்தி நடிகரும் மாடலுமான மிலிந்த் சோமன் தன்னுடைய 50-வது வயதை ஒட்டி சுவிட்சர்லாந்து நாட்டின் ஜூரிச் நகரில் முழு அயர்ன்மேன் போட்டியை 15 மணி 19 நிமிடத்தில் முடித்து எல்லோரையும் வாயை பிளக்க வைத்தார். ஆனால் அவர் இளவயதில் தேசிய நீச்சல் சாம்பியன். இதை பல பேர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீரில் வளர்ந்தவருக்கும், 50 வயசில் முதல் தடவை குளத்தில் இறங்குகிறவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கடலூர் - சிதம்பரம் கணக்கு

ட்ரையத்லான் என்றால் மூன்று போட்டி ஒன்றாக. முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. துணி மாற்றுவது, ஷூ போடுவது எல்லாமே போட்டி நேரத்தில் சேர்ந்துவிடும்.

இதில் 4 அளவு இருக்கிறது. சின்னது 'ஸ்பிரிண்ட்'. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அடுத்தது ஒலிம்பிக் அளவு. ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் இது முதன்முதலாக சேர்க்கப்பட்டது.

மூன்றாவது அரை அயர்ன்மேன். கோவாவில் நடப்பது இதுதான். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21 கிலோமீட்டர் ஓட்டம். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், கடலூரில் இருந்து சிதம்பரம் போய் திரும்பி வரும் தூரத்துக்கு சைக்கிள் மிதித்துவிட்டு, அப்படியே இறங்கி கிட்டத்தட்ட புதுச்சேரி வரை ஓட வேண்டும். அதுவும் கடலில் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி முடித்த பிறகு!

முழு அயர்ன்மேன் இதைப்போல இரண்டு மடங்கு. 180 கிலோமீட்டர் சைக்கிள் என்றால் ஏறக்குறைய சென்னையே வந்துவிடும். அதன் பிறகு 42 கிலோமீட்டர் ஓட்டம் பாக்கி இருக்கும். 17 மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் கணக்கில் வராது.

1978 பிப்ரவரியில் ஹவாய் தீவில் இந்த போட்டி ஆரம்பித்தபோது கிளம்பியவர்கள் வெறும் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். நீச்சல்காரன் பலசாலியா, ஓட்டக்காரன் பலசாலியா, சைக்கிள்காரன் பலசாலியா என்ற வாய்த்தகராறில் பிறந்த போட்டி இது.

85 வயசு தாத்தா

வயசானவர்கள் இதில் ஜெயிக்க முடியுமா என்றால், இளவட்டங்களோடு மோத வேண்டியதே இல்லை. 50-54, 55-59, 60-64 என்று 5 வருஷத்துக்கு ஒரு பிரிவு. அந்த வருஷம் டிசம்பர் 31-ந் தேதி உங்களுக்கு என்ன வயசோ அதுதான் கணக்கு. 60 வயசுக்காரர் 60 வயசுக்காரரோடுதான் போட்டி போடுகிறார்.

ஜப்பானை சேர்ந்த ஹிரோமு இனாடா என்ற பெரியவர் கதையை கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். டி.வி. நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். 60 வயசில்தான் நீச்சல் பழகினார். முதல் ட்ரையத்லானில் கலந்துகொண்டபோது வயசு 70-ஐ நெருங்கிவிட்டது. 2015-ல் ஹவாயில் நடந்த உலக போட்டியில், எல்லையை தொடும் இடத்தில் சுருண்டு விழுந்து எழுந்து, சில விநாடிகள் தாமதமாக கோட்டை தாண்டினார். 17 மணி நேரம் முடிந்துவிட்டது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு யாராக இருந்தாலும் 'போதும்டா சாமி' என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் மறுபடி வந்தார். 2018-ல் 85-வது வயசில் 16 மணி 53 நிமிடத்தில் முடித்து, அங்கே முடித்தவர்களில் மிக வயதானவர் என்று பெயர் வாங்கினார். மிச்சம் இருந்தது வெறும் 6 நிமிடம்!

பெண்களிலும் உண்டு. அமெரிக்காவை சேர்ந்த கன்னியாஸ்திரி மடோனா புடர் 2012-ல் கனடாவில் 82 வயசில் முழு அயர்ன்மேன் முடித்தார். அவர் ஓட ஆரம்பித்ததே 50 வயசை நெருங்கும்போதுதான்.

நம்ம தமிழ்நாட்டில் மா.சுப்பிரமணியன் இருக்கிறார். சென்னை மேயராக இருந்து, 2021-ல் சுகாதாரத்துறை அமைச்சரானவர். விபத்தில் அடிபட்டவர், 50 வயசுக்கு மேல் ஓட ஆரம்பித்து 100-க்கும் அதிகமான அரை மாரத்தான் ஓடியிருக்கிறார். ஆனால் அவர் ஓடுவது தரையில்.

ஆபத்து தண்ணீரில்தான்

அதை ஏன் அழுத்தி சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், ட்ரையத்லானில் உயிர் போவது பெரும்பாலும் நீச்சலில்தான். சைக்கிளில் விழுந்து சாவார்கள், வெயிலில் ஓடி சாவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மை அதுவல்ல.

அமெரிக்காவில் 1985-ல் இருந்து 2016 வரை நடந்த ட்ரையத்லான் போட்டிகளை டாக்டர்கள் குழு அலசி 2017-ல் வெளியிட்டது. போட்டியில் இறந்தவர்கள், இதயம் நின்று காப்பாற்றப்பட்டவர்கள் என மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு நீச்சலின்போது நடந்தது. சராசரி வயசு 47. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். மொத்தத்தில் பார்த்தால் லட்சம் பேருக்கு 2 பேருக்கும் குறைவு. ஆனால் 60 வயசுக்கு மேற்பட்ட ஆண்களை மட்டும் பிரித்து எடுத்தால் லட்சத்துக்கு 18 பேரை தாண்டுகிறது. பிரேத பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு ஏற்கனவே இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முதல் தடவை போட்டிக்கு வந்தவர்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. கூட்டத்தோடு தண்ணீரில் பாய்கிறோம். முன்னால் போகிறவன் கால் முகத்தில் உதைக்கிறது. மூச்சு முட்டுகிறது. பயத்தில் இதயம் படபடவென்று அடிக்கிறது. தரையில் என்றால் அப்படியே உட்கார்ந்துவிடலாம். நெஞ்சை பிடிக்கிறவனை பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான். தண்ணீரில் கையை தூக்கினால்தான் தெரியும்.

எனவே 40 வயசை தாண்டியவர்கள், குறிப்பாக சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், அப்பா அண்ணன் யாராவது மாரடைப்பில் போனவர்கள், ஷூ வாங்கும் முன்னால் டாக்டரை பார்ப்பது நல்லது. சும்மா படுக்க வைத்து எடுக்கிற இ.சி.ஜி. மட்டும் போதாது. டிரெட்மில்லில் ஓடவிட்டு எடுக்கும் டி.எம்.டி. சோதனை தேவையா என்று கேளுங்கள். சிதம்பரம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும்போது செலவுக்கு பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை.

பயிற்சியின்போது நெஞ்சை அமுக்குவது, தாடை அல்லது இடது கை வலிப்பது, வழக்கத்தை மீறி மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டியதுதான். 'கேஸ் பிராப்ளம்' என்று சோடா குடித்துவிட்டு தொடருவது நம்ம ஆட்களின் கெட்ட பழக்கம்.

எங்கே பழகுவது?

சில்வர் பீச் பக்கத்திலேயே இருக்கிறதே என்று தனியாக கடலில் இறங்கக்கூடாது. அலை இழுப்பு அதிகம். குளிக்கப் போனவர்கள் பலியான செய்தி அடிக்கடி வருகிறது. தேவனாம்பட்டினம் மீனவர்களே அலையை பார்த்துத்தான் இறங்குவார்கள். சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கொள்ளிடம், பழைய கொள்ளிடம் பக்கம் நீச்சல் பழக நினைக்காதீர்கள். அங்கே முதலை நடமாட்டம் உண்டு. கரையோர கிராமங்களில் ஆற்றில் இறங்கியவர்களை முதலை கடித்ததும், உயிர் போனதும் நடந்திருக்கிறது. மெடலுக்கு ஆசைப்பட்டு முதலை வாயில் போக வேண்டாம்.

முதல் சில மாதம் நீச்சல் குளம்தான் சரி. 25 மீட்டர் குளம் என்றால் 30 தடவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போனால் 750 மீட்டர். நிற்காமல் இதை முடித்த பிறகுதான் கடல் பேச்சு. கடலில் சுவர் கிடையாது, கோடு கிடையாது, தலையை தூக்கி மிதவை எங்கே என்று பார்த்து பார்த்து நீந்த வேண்டும். அதை பழக்க தெரிந்த ஆள் துணையோடு, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் படகு வைத்துக்கொண்டு பழகலாம்.

சைக்கிளுக்கு கடலூர் - சிதம்பரம் மெயின் ரோடுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சிப்காட் பக்கம் லாரி, பஸ் பறக்கும். விடியும் முன் இருட்டில் போகிறவர்கள் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் போனால் கதை முடிந்தது. நெய்வேலி டவுன்ஷிப் ரோடுகள் அகலம், நிழல், வண்டியும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்விட்டு வரலாம்.

லட்ச ரூபாய் சைக்கிள் வேணுமா? முதல் ஸ்பிரிண்ட் போட்டிக்கு பிரேக் ஒழுங்காக பிடிக்கிற கியர் சைக்கிள் போதும். கோவா மாதிரி சர்வதேச போட்டிக்கு நுழைவு கட்டணம், ரெயில், லாட்ஜ், சைக்கிளை கொண்டுபோகும் செலவு எல்லாம் சேர்த்தால் கூலி வேலை பார்க்கிறவருக்கு பல மாத சம்பளம் போய்விடும். கடன் வாங்கி போகிற விஷயம் இல்லை இது. பக்கத்தில் சென்னையில் நடக்கிற சின்ன போட்டி எப்போது என்று விசாரித்து அதில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வயசான உடம்புக்கு இன்னொரு விஷயம். 25 வயசில் இன்று ஓடினால் நாளைக்கு மறுபடி ஓடலாம். 55-ல் தசை ஆற கூடுதல் நாள் பிடிக்கும். அதனால் வாரத்தில் 2 நாளாவது ஓய்வு வேண்டும். தினமும் ஓடி முட்டியை கெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் அதிகம். முட்டை, சுண்டல், நிலக்கடலை, மீன் என்று புரத சாப்பாடு சேர்ந்தால்தான் தசை நிற்கும்.

போட்டி அன்று

முதல் நாளே சைக்கிளை வரிசையாக மாட்டிவைத்துவிட வேண்டும். நம்பரை பார்த்து உங்கள் இடத்தை மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருந்து கண் மங்கி ஓடிவரும்போது நூற்றுக்கணக்கான சைக்கிளுக்கு நடுவில் நம்ம சைக்கிளை தேடி அலைகிறவர்கள் உண்டு. ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளை தொட வேண்டும். கோடு தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும். மாற்றி செய்தால் தண்டனை.

நீச்சலில் கூட்டம் கிளம்பட்டும், நீங்கள் ஓரமாக, கடைசியாக போங்கள். முடியாவிட்டால் காவலுக்கு நிற்கும் சின்ன படகை பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். படகை பிடித்தபடி முன்னேறக்கூடாது, அவ்வளவுதான். இதற்காக யாரும் வெளியேற்ற மாட்டார்கள். கோவாவில் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், மொத்தத்துக்கு எட்டரை மணி நேரம் கெடு.

வெயிலுக்கு பயந்து வெறும் தண்ணீரை குடம் குடமாக குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகும். உப்புக்கரைசல் பாக்கெட் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக குடிக்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கிட்னிக்கு கேடு. புது ஷூ, புது சாப்பாடு எதையும் அன்றைக்கு முயற்சி செய்யாதீர்கள். வழக்கமாக 2 இட்லி சாப்பிட்டு பழகியவர் அன்றும் அதையே சாப்பிடட்டும்.

சைக்கிளில் இருந்து இறங்கியதும் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். முதல் அரை கிலோமீட்டர் நடந்தே போங்கள். பயிற்சியில் சைக்கிள் விட்ட கையோடு 10 நிமிடம் ஓடி பழகியிருந்தால் சீக்கிரம் சரியாகிவிடும்.

முடித்த உடனே தரையில் படுத்துவிடாமல் 10 நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். கணுக்காலில் நேரம் பார்க்க கட்டிய சிப்பை மறக்காமல் கழற்றி கொடுத்துவிடுங்கள். பஸ் ஏறிய பிறகு ஞாபகம் வந்தால் அதற்கும் பணம் கேட்கும் போட்டிகள் உண்டு.