மூக்கு கனமா, வால் கனமா?

திருத்தணிக்குத் தெற்கே, அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் ராஜாளி கடற்படைத் தளத்தின் விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். புறப்படுமுன் அவற்றின் எடைச் சமநிலையைக் கணக்கிடுவார்கள். ரேடியோவால் இயக்கும் ராட்சத மாதிரி விமானத்துக்கும் அதே கணக்குதான். இறக்கை மட்டுமே 2 மீட்டருக்கு மேல்!

பாகங்கள் பெட்டியில் தயாராகவே வரும், பொருத்துவது எளிது. சமநிலைதான் சங்கடம். நீள்சதுர இறக்கையின் அகலம் 40 செ.மீ. என்றால், ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து சுமார் 10 முதல் 13 செ.மீ.க்குள் அமைய வேண்டும். அவ்விடத்தில் இரு பக்கமும் விரலால் தாங்கித் தூக்குங்கள். வால் தாழ்கிறதா? பாட்டரியை முன்னே நகர்த்துங்கள்.

ஏன்? மையம் அதிகம் பின்னால் போனால், காற்று மூக்கைச் சற்றே தூக்கினாலும் இறக்கையின் கூடுதல் தூக்கு விசை அதை மேலும் தூக்கும். வாலால் திருத்த முடியாது, விமானம் விழும். மூக்கு சற்றுக் கனமானால் மந்தமாகவேனும் பறக்கும்.

பெட்ரோல் எஞ்சினானால் தொட்டி காலியாக இருக்கும்போது சோதியுங்கள். தொட்டி முன்பக்கம் உள்ளதால், எரிபொருள் தீரத் தீர வால் கனக்கும்.