சொரியாசிஸ்: முழங்கையைத் திருப்பிப் பாருங்கள்

மருந்துக் கடைக்குப் போய், ‘படைக்கு ஒரு க்ரீம் கொடுங்க’ என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. எந்தப் படை, எந்த இடத்தில், எத்தனை நாளாக என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தேவையில்லாத விவரம். ட்யூப் கைக்கு வந்துவிடும். சொரியாசிஸ் உள்ள பலருடைய கதை இந்த ட்யூபில்தான் தொடங்குகிறது. தலையில் வந்தால் பொடுகு, தொடை இடுக்கில் வந்தால் படர்தாமரை, பாதத்தில் வந்தால் பித்தவெடிப்பு, நகத்தில் வந்தால் நகச்சொத்தை, விரல் மூட்டில் வந்தால் வாதம் என்று இடத்துக்கொரு பெயரில் அது உடம்பில் குடியிருக்கும். ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே நோய். சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இருப்பதில்லை.

அபூர்வமான நோயும் இல்லை இது. உலகில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. இந்தியாவில் நடந்த ஆய்வுகள் 0.44 முதல் 2.8 சதவீதம் வரை சொல்கின்றன. தீவிரமான தொற்றாநோய்களில் ஒன்று என்று உலக சுகாதாரப் பேரவை 2014-ல் தீர்மானமே நிறைவேற்றியது.

தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே ஏறிவந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. முன்னது உதிர்வதற்குள் பின்னது வந்து முட்ட, பக்குவப்படாத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து செதிலாகின்றன. அடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து தோல் தடிக்கிறது. இத்தனை அவசரத்துக்கும் காரணம் நம் நோய் எதிர்ப்பு மண்டலம். ஐஎல்-17, ஐஎல்-23, டிஎன்எஃப் என்று பெயரிடப்பட்ட புரதங்கள் வழியாக அது தோலைத் தேவையில்லாமல் விரட்டிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கிருமி எதுவும் இதில் கிடையாது. எனவே தொட்டால் பரவாது; ஒரே சீப்பு, ஒரே சோப்பு, ஒரே படுக்கை எதிலும் பரவாது.

பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு வருவது திட்டுத்திட்டாகத் தடிக்கும் ‘பிளேக்’ வகை. முழங்கையின் வெளிப்புறம், முழங்கால் முட்டி, முதுகின் கீழ்ப்பகுதி, தலை ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒத்து வரும். இடது முழங்கையில் இருந்தால் வலது முழங்கையையும் திருப்பிப் பாருங்கள். தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம், விளிம்பு அவ்வளவு தெளிவாக இருக்கும். மேலே உலர்ந்த வெள்ளிச் செதில். மெல்லச் சுரண்டினால் மெழுகைச் சுரண்டியது போலத் துகள் துகளாக உதிரும். விடாமல் சுரண்டினால் கடைசியில் மெல்லிய சவ்வு ஒன்று பெயர்ந்து, ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் அரும்பும். வியன்னா மருத்துவர் ஆஸ்பிட்ஸின் பெயரால் வழங்கும் இந்த அடையாளத்தைத் தோல் மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

இணையத்தில் படத்தைத் தேடி ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே காணக்கிடைக்கும் செக்கச்சிவந்த திட்டுகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு அப்படியே தெரியாது. ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்த கருமையாகவோ இருக்கும். ஆறிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்தோ வெளிறியோ கிடக்கும். தடிப்பும் செதிலும் போய்விட்டால் மிஞ்சியிருப்பது நிற மாற்றம் மட்டுமே. அதை நோய் என்று எண்ணி மேலும் மேலும் மருந்து தடவுபவர்கள் உண்டு.

படர்தாமரையோடு குழப்பிக்கொள்வதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. படர்தாமரை பூஞ்சைத் தொற்று; வளையமாகப் பரவும், விளிம்பில் துடிப்பாகவும் நடுவில் தெளிந்தும் இருக்கும். சொரியாசிஸ் திட்டு நடுவிலும் அதே தடிப்போடு இருக்கும். சந்தேகம் வந்தால் துளி செதிலைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இருப்பது தெரிந்துவிடும். சில நிமிட வேலை. ஆனால் கடையில் கிடைக்கும் கலவை க்ரீம்களில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு என்று எல்லாம் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு எதையும் சில நாள் அமுக்கிவைக்கும். படர்தாமரையாக இருந்தால் உருத்தெரியாமல் மாறிப் பரவும். சொரியாசிஸாக இருந்தால் நின்றது போலிருந்து, நிறுத்தியதும் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். இடையில் தோல் மெலிந்து, வரிவரியாகக் கிழிந்த கோடுகள் விழுந்துவிடும். தோல் மருத்துவர் அளவோடு எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பை நான் குறை சொல்லவில்லை. நோய் இன்னதென்று தெரியாமல் தடவுவதைத்தான் சொல்கிறேன்.

பொடுகு தலைமுடிக்குள்ளேயே நிற்கும். மெல்லிசாக, எண்ணெய்ப் பிசுக்கோடு உதிரும். சொரியாசிஸ் முடியின் எல்லையைத் தாண்டி நெற்றியில் இறங்கும், காதின் பின்புறமும் பிடரியிலும் வரும். முடியைக் கோதினால் கைக்குக் கட்டிகட்டியாகத் தட்டுப்படும். எக்ஸிமா என்றால் பெரும்பாலும் முழங்கையின் உள்மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு. நீர் கசியும், அரிப்பு தாங்காது. சொரியாசிஸிலும் பலருக்கு அரிப்பு உண்டு, ஆகவே அரிப்பை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. தொழுநோய் பயமும் பழைய தலைமுறையிடம் இன்னும் இருக்கிறது. ஐரோப்பிய மருத்துவர்களே இரண்டையும் நூற்றாண்டுக் கணக்கில் குழப்பிவந்தார்கள். 1841-ல் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா தெளிவாகப் பிரித்துக்காட்டினார். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும், வெள்ளிச் செதில் உதிராது. சொரியாசிஸ் திட்டில் உணர்ச்சி அப்படியே இருக்கும்.

இனி மற்ற வகைகள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரத்தில் மார்பிலும் முதுகிலும் துளித்துளியாக, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான புள்ளிகள் திடீரென்று கொப்பளித்தால் அது கட்டேட் வகையாக இருக்கலாம். தொண்டையில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மூட்டிவிட்டது இது. பலருக்குச் சில மாதங்களில் தானே மறையும், சிலருக்குப் பின்னாளில் பிளேக் வகையாக நிலைக்கும். அம்மைக் கொப்புளம் என்று வேப்பிலை கட்டி உட்கார வைப்பதற்குமுன், கொப்புளத்தில் நீர் இருக்கிறதா, செதில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அக்குள், மார்பகத்தின் அடி, தொடை இடுக்கு, பிட்ட இடுக்கு, தொப்புள் ஆகிய மடிப்புகளில் வருவது இன்வெர்ஸ் வகை. வியர்வை ஈரத்தில் செதில் நிற்காது. வழவழப்பாக, பளபளத்துக் கிடக்கும். ஆகவே பூஞ்சை என்றே எல்லோரும் நினைப்பார்கள். இந்த இடங்களை டாக்டரிடம் காட்டக் கூச்சப்படுவது இயல்புதான். ஆனால் முழங்கையைப் பார்த்துச் சந்தேகப்படும் மருத்துவருக்குத் தொப்புளும் காதின் பின்புறமும் பிட்ட இடுக்கும்தான் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும் இடங்கள்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்தால் தோல் தடித்து, வெடித்து, ரத்தம் கசியும். சிமென்ட் குழைப்பவர், நாளெல்லாம் பாத்திரம் தேய்ப்பவர் ஆகியோருக்கு இது வேலையால் வந்த வெடிப்பு என்றே படும். பித்தவெடிப்பு குதிகால் விளிம்போடு நிற்கும். சொரியாசிஸ் பாதத்தின் நடுக்குழிக்கும் போகும். இதே இடங்களில் மஞ்சள் சீழ்ப்புள்ளிகளாக வரும் வகையும் உண்டு. சீழில் கிருமி இராது, புகைப்பழக்கத்தோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

இரண்டு வகைகளுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒன்று, காய்ச்சலோடு உடம்பெங்கும் சீழ்க்கொப்புளங்கள் பரவுவது. கர்ப்பிணிகளுக்கும் அபூர்வமாக வரும். மற்றொன்று எரித்ரோடெர்மா. உடல் தோலில் ஏறக்குறைய 90 சதவீதம் சிவந்து, தடித்து, கைப்பிடி கைப்பிடியாகச் செதில் உதிரும். காலையில் படுக்கையைப் பெருக்கி அள்ள வேண்டியிருக்கும். இந்த நிலையில் தோல் தன் வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள். உடல் சூடு வெளியே போகிறது; சித்திரை வெயிலிலும் நோயாளி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்குவார். நீரும் புரதமும் இழந்து, கால் வீங்கி, இதயத்துக்குச் சுமை ஏறும். வார்டில் சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை எடுத்துவந்து திடீரென நிறுத்துவது இந்த இரண்டுக்கும் தெரிந்த காரணங்களில் ஒன்று. பெயரில்லாப் பொட்டலத்தில் வாங்கிய சூரணத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தியது எதை என்று நோயாளிக்கே தெரியாது.

நகத்துக்கு வருவோம். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நகத்தில் அடையாளம் இருக்கும். ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள். நகத்தினடியில் எண்ணெய்த்துளி சிந்தியது போன்ற மஞ்சள் பழுப்புக் கறை. நுனியில் நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொள்வது. அடியில் பொடி சேர்வது. நகச்சொத்தை என்று மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை தொடங்குமுன் நகத் துணுக்கைப் பரிசோதிப்பது நல்லது. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

நகத்தை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நகத்தில் வந்தவர்களுக்கு மூட்டில் வரும் வாய்ப்பு அதிகம். சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் வரை மூட்டழற்சிக்கு ஆளாகிறார்கள். தோலில் தொடங்கிப் பத்தாண்டு கழித்து மூட்டுக்கு வருவது வழக்கமான போக்கு. சிலருக்கு மூட்டில்தான் முதலில் தெரியும். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விரல் மடங்காமல் விறைப்பது, ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை மொத்தமாக வீங்குவது, நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவில் வலி, குதிகாலின் பின்புறம் வலி, படுத்தால் கூடி நடந்தால் குறையும் முதுகுவலி என்று அது பல வழியில் வரும். முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபாக்டர் பரிசோதனையில் பெரும்பாலும் ஒன்றும் வராது. யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடியிருந்தால் கவுட் என்று முடிந்துவிடும். தோலில் ஒரே ஒரு சிறு திட்டு உள்ளவருக்கும் மூட்டு கெடலாம். தோல் ஆறினால் தழும்பில்லாமல் ஆறும். கெட்ட மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது.

சுரண்ட வேண்டாம் என்றேன். சொரியாசிஸ் உள்ளவரின் தோலில் காயம் பட்டால், பெரும்பாலும் 10 முதல் 20 நாளில், காயத்தின் வடிவத்திலேயே புதுத் திட்டு முளைக்கலாம். ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் 19-ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்னது. பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, செருப்பு வார் உராயும் புறங்கால், அறுவைத் தையல் கோடு, பச்சை குத்திய இடம் எல்லாம் இதில் சேரும். மன உளைச்சல், மது, புகை, உடல் பருமன், லித்தியம், சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகள், மலேரியா மாத்திரைகள் ஆகியவையும் நோயைக் கிளப்பும். கத்தரிக்காயும் கருவாடும்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கூடுதல் எடையைக் குறைத்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது.

பரம்பரையாக வருமா என்று கல்யாணப் பேச்சில் கேட்பார்கள். மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் வந்தவர்களும் ஏராளம்.

டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், நகப்பூச்சை அழித்துவிடுங்கள். தடவிய க்ரீம்களையும் விழுங்கும் மாத்திரைகளையும் அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை அளவு என்பது உடல் தோலில் ஏறத்தாழ ஒரு சதவீதம். எத்தனை உள்ளங்கை அளவு பரவியிருக்கிறது என்று எண்ணிச் சொன்னால் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும். பெரும்பாலும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். குழப்பம் இருந்தால் தோலில் சிறு துண்டெடுத்துப் பரிசோதிப்பார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொன்னால் வீண்செலவு என்று நினைக்க வேண்டாம், இந்த நோயாளிகளுக்கு இதயநோய் வாய்ப்பும் கூடுதல்.

முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்று இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் நிறைய உண்டு. களிம்புகள், 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் சிகிச்சை, மாத்திரைகள், ஊசிகள் என்று படிப்படியாகப் போவார்கள். பெங்களூரின் பயோகான் நிறுவனத்தின் இடோலிசுமாப் என்ற ஊசி மருந்தும் 2013-ல் இதற்காகவே இங்கே வந்தது. சித்த மருத்துவம் இதைக் காளாஞ்சகப்படை என்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் கருநீலமானதும் பூசும் பழக்கம் இன்றும் இருக்கிறது. செதிலை இளக்கும் எண்ணெய்ப் பூச்சில் எனக்கு ஆட்சேபமில்லை. உள்ளே விழுங்குவது எதுவானாலும் யார் கொடுத்தது, என்ன கலந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அலோபதி மாத்திரையிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பரவலாக எழுதித்தரப்படும் மெத்தோட்ரெக்சேட், சொரியாசிஸுக்கு வாரத்துக்கு ஒரே நாள் எடுக்க வேண்டிய மருந்து. மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் என்று நினைத்து விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதியிருந்தால் போதாது. எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் எந்தக் கிழமை என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கடைக்காரர் உறையில் காலை, மதியம், இரவு என்று கோடு போட்டுக் கொடுத்தால் அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள்.