இறங்கிய ஈறுகளுக்கு ஒட்டுச் சிகிச்சை

"வயசாயிடுச்சு, அதான் பல்லு நீளமாத் தெரியுது." மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்கள் இப்படிச் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பல் நீளவில்லை. அதைப் போர்த்தியிருந்த ஈறு கீழே இறங்கி, மறைந்திருக்க வேண்டிய வேர் வெளியே தெரிகிறது. இறங்கிய ஈறு தானாக மேலேறி வருவதில்லை. ஆனால் உரிய நேரத்தில் மருத்துவரைப் பார்த்தால், பல பேருக்குத் திசு ஒட்டு மூலம் அதை மூட முடியும்.

ஈறு ஏன் இறங்குகிறது?

முதல் காரணம் ஈறு நோய். பல்லில் படியும் அழுக்கு காரையாக இறுகி, ஈறுகளை வீங்க வைத்து, நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைக்கிறது. 2010இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 94 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு பாதிப்பு இருந்தது.

இரண்டாவது காரணம் நம் கையில்தான் இருக்கிறது. கரித்தூளையும் சொரசொரப்பான பல்பொடியையும் விரலால் அழுத்தித் தேய்ப்பதும், கடினமான பிரஷ்ஷால் குறுக்குவாட்டில் இழுத்துத் தேய்ப்பதும் ஈறுகளைத் தேயவைக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கம் அந்த இடத்து ஈறுகளை நேரடியாகக் கெடுக்கும். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அறுவைக்கு முன்பு செய்ய வேண்டியவை

நோய் இருக்கும் ஈறுகளில் ஒட்டு வைப்பதில்லை. முதலில் காரையை எடுத்து, வேரைச் சுத்தப்படுத்தி, பல் துலக்கும் முறையை மாற்ற வேண்டும். புகையும் புகையிலையும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, ஒட்டு பிடிக்காமல் செய்யும். அவற்றை நிறுத்தியே ஆக வேண்டும்.

நீரிழிவும் கவனிக்க வேண்டிய ஒன்று. மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. அதிலும் இந்தியர்களிடம் அது கூடுதல். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோயும் முற்றும், அறுவைப் புண்ணும் மெதுவாக ஆறும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஒட்டு எப்படி வைக்கிறார்கள்?

வாயை மரத்துப்போகச் செய்துதான் சிகிச்சை நடக்கிறது. பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. மேல் அண்ணத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிப்பில் சிறு திசு எடுக்கப்படுகிறது.

இதில் இரண்டு முறைகள் முக்கியமானவை. 1960களில் வழக்கத்துக்கு வந்த முதல் முறையில் மேல்தோலோடு சேர்த்தே திசுவை எடுப்பார்கள். கீழ் முன்பற்களில் உறுதியான ஈறு இல்லாதவர்களுக்கு அது உதவும். நிறம் மட்டும் சற்று வெளுத்துத் தெரியும். 1985இல் லாங்கர் என்ற பெயருடைய இரு பல் மருத்துவர்கள் விவரித்த இரண்டாவது முறையில், அண்ணத்தின் மேல்தோலைத் திறந்து அடியிலுள்ள இணைப்புத் திசுவை மட்டும் எடுப்பார்கள். அதை வேரின் மேல் வைத்து, ஈறை இழுத்து மூடித் தைப்பார்கள். நிறம் இயல்பாகப் பொருந்தும்.

இரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் புரியும்: அசையாமல் இருந்து அடியிலிருந்து ஊட்டம் பெற்றால்தான் ஒட்டு பிடிக்கும்.

அண்ணத்திலிருந்து எடுக்காமல், பதப்படுத்திய திசுக்களையும் பயன்படுத்துவதுண்டு. அவற்றில் சில பன்றி, மாடு அல்லது மனிதத் திசுவிலிருந்து செய்யப்படுபவை. சமய, உணவு நம்பிக்கை உள்ளவர்கள் எதிலிருந்து செய்ததென்று தயங்காமல் கேட்கலாம்.

வீட்டில் கவனிப்பு

ஏறக்குறைய இரண்டு வாரம் அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. மருத்துவர் தரும் கிருமிநாசினி நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஆறிய கஞ்சி, குழைந்த சோறு போன்ற மென்மையான உணவு நல்லது. உதட்டை இழுத்து இழுத்து ஒட்டைப் பார்க்கக் கூடாது. அண்ணத்தில் இரத்தம் கசிந்தால், சுத்தமான ஈரத் துணியால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தையல் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் பிரிக்கப்படும்.

எதை எதிர்பார்க்கலாம்?

பற்களுக்கு இடையிலுள்ள எலும்பு குறையாமல் இருந்தால் வேர் முழுவதும் மூடப்பட நல்ல வாய்ப்பு உண்டு. அந்த எலும்பு கரைந்திருந்தால் ஒரு பகுதிதான் மூடும், அல்லது மூடாமலே போகலாம். ஆட்டம் கண்ட பல்லை இந்த ஒட்டு உறுதியாக்காது. அதனால்தான் காலம் தாழ்த்தாமல் போவது முக்கியம்.

எங்கே போகலாம்?

அருகிலுள்ள அரசு பல் கிளினிக்கில் தொடங்குங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து ஈறு நோய் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பீடோங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவத் துறை உண்டு; என்னென்ன சிகிச்சை கிடைக்கும், செலவு எவ்வளவு என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறதா, துலக்கும்போது இரத்தம் வருகிறதா, பல் நீண்டு தெரிகிறதா? வயதைக் காரணம் சொல்லி இருந்துவிடாதீர்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராக இருந்தாலும் இந்த மாதமே ஒருமுறை பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.