மாத்திரைக்கு முன் மருத்துவர்

தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்து, அரசு மருத்துவமனைகளிலும் பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு வழி பிறந்த பின்னரும், வீட்டாருக்கு அஞ்சி மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி, மார்பு வளரும் என நம்பி அளவின்றி விழுங்கும் இளம் திருநங்கையர் இருக்கவே செய்கின்றனர். அம்மாத்திரைகள் பலவற்றிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால் என்னும் செயற்கைப் பெண்மை ஹார்மோன் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுவதால், கால் சிரையில் உருவாகும் இரத்தக்கட்டி நுரையீரலுக்கு நகர்ந்து உயிரையே பறிக்கக்கூடும். புகைப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். எனவேதான் ஹார்மோன் மருத்துவர்கள் அதைத் தவிர்த்து, உடலில் இயல்பாகச் சுரப்பதை ஒத்த எஸ்ட்ரடையாலை, இரத்தப் பரிசோதனை பார்த்து, அளந்து தருகின்றனர். திருநம்பியர் பெறும் டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்குவதால் அவர்களுக்கும் இக்கண்காணிப்பு உண்டு. பிற்காலத்தில் குழந்தை பெற விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைத்துச் சேமிக்கலாமா என்பதையும், கூச்சத்தால் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கேள்வியாயினும், சிகிச்சை தொடங்குமுன்பே கேட்டுவிட வேண்டும்.