கிளாகோமா ஆபரேஷன் செய்த கண் பல வருடம் கழித்து சிவந்தால்... அலட்சியம் ஏன் கூடாது?

கண் சிவந்து பீளை தள்ளினால், ‘மெட்ராஸ் ஐ-யா இருக்கும், நாலு நாள்ல சரியாயிடும்’ என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் முதலில் வரும் பதில். பலருக்கு அது உண்மையும்கூட. பெரும்பாலும் வைரஸால் வரும் அந்தத் தொற்று தானாகவே அடங்கிவிடும்.

ஆனால், கிளாகோமாவுக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆபரேஷன் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தாலும் சரி, பத்து வருடம் ஆகியிருந்தாலும் சரி, அந்தக் கண் சிவந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடும் ஒரே இரவில்கூட பார்வை பறிபோகலாம். நன்றாக ஆறிவிட்ட கண்ணுக்கு இவ்வளவு பயம் ஏன்? அந்த ஆபரேஷன் எப்படி நடக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

கண்ணுக்குள் என்ன பிரச்சினை?

கண்ணின் முன்பகுதியில் நிறமில்லாத ஒரு திரவம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அல்ல. கருவிழிக்கும் லென்ஸுக்கும் ஊட்டம் கொடுத்துவிட்டு, கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து ரத்தத்தில் கலந்துவிடும்.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, வடிகால் மட்டும் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இங்கேயும் நடக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்க வேண்டிய அழுத்தம் கூடும்போது, பின்னால் இருக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமடைகிறது. (அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு பாதிக்கப்படுகிறவர்களும் உண்டு.) முதலில் ஓரப்பார்வை குறையும். வலி இருக்காது என்பதால் பலருக்குத் தெரியவே தெரியாது. ஒருமுறை போன பார்வை திரும்ப வராது.

2020-ல் உலகம் முழுக்க சுமார் 7.6 கோடி பேருக்கு கிளாகோமா இருந்ததாக மதிப்பிடப்பட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 1.2 கோடி பேர்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

சொட்டு மருந்து, லேசர் இரண்டிலும் அழுத்தம் அடங்காதபோது ஆபரேஷன். இதில் பல ஆண்டுகளாக அதிகம் செய்யப்படுவது ‘டிராபெகுலெக்டமி’. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கண் மருத்துவர் கெய்ர்ன்ஸ் 1968-ல் விவரித்த பிறகு இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

அடைத்துப்போன வடிகாலைச் சுத்தம் செய்வது அல்ல இது. புதிதாக ஒரு வடிகாலையே வெட்டுவது. மேல் இமைக்கு அடியில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சின்னக் கதவு போல வெட்டி, அதன் கீழே துளை போடுகிறார்கள். உள்ளே இருக்கும் திரவம் அந்தத் துளை வழியாக வந்து, கண்ணை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் தேங்கி, மெதுவாக உறிஞ்சப்படும். அந்த இடம் ஒரு சிறு கொப்புளம் மாதிரி லேசாக உப்பியிருக்கும். மருத்துவர்கள் அதை ‘பிளெப்’ என்கிறார்கள். மேல் இமையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு சிக்கல். காயம் என்றால் ஆறுவதுதான் உடம்பின் இயல்பு. துளையும் ஆறி மூடிவிட்டால் ஆபரேஷன் வீண். அதனால் தழும்பு உருவாவதைத் தடுக்க, ஆபரேஷன் நேரத்தில் ‘மைட்டோமைசின்-சி’ என்ற மருந்தை அந்த இடத்தில் வைக்கிறார்கள். இது புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்து. சுவாரஸ்யம் என்னவென்றால், இந்த மருந்தே ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்ததுதான். ‘ஸ்ட்ரெப்டோமைசஸ்’ வகை பாக்டீரியாவிலிருந்து 1950-களில் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டது.

இந்த மருந்து வந்த பிறகு ஆபரேஷனின் வெற்றி கூடியது. கூடவே ஒரு விலையும் வந்தது. சிலருக்கு பிளெப்பின் மேல்சவ்வு ரத்த ஓட்டமே இல்லாமல், வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துவிடுகிறது. கண்ணின் உள்பகுதிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருப்பது அந்த மெல்லிய சவ்வு மட்டும்தான். அதில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

உள்ளே நுழையும் கிருமிகள் எவை?

ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் தொற்று வருகிறது என்பதைப் பொறுத்து கிருமியும் மாறுகிறது.

முதல் சில வாரங்களுக்குள் வந்தால், பெரும்பாலும் ‘ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்’ போன்ற பாக்டீரியாக்கள். இவை நம் தோலிலும் இமை ஓரத்திலும் எப்போதும் குடியிருப்பவை. வெளியே இருக்கும்வரை தொந்தரவு இல்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வரும் தொற்றிலும் பெரும்பாலும் இவைதான் மாட்டும். இதனால்தான் எந்தக் கண் ஆபரேஷனுக்கு முன்பும் போவிடோன் அயோடின் விட்டு கண்ணையும் இமையையும் சுத்தம் செய்கிறார்கள்.

மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் தொற்று வேறு ரகம். அதில் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ வகைகளும் ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே’யும் முன்னணியில் இருக்கின்றன. பின்னதன் பெயரைப் பார்த்து ஃப்ளூ வைரஸ் என்று நினைக்க வேண்டாம். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ளூ காய்ச்சலுக்கு இந்த பாக்டீரியாதான் காரணம் என்று தவறாக நினைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இந்த இரண்டு வகைகளுமே சாதாரணமாக மனிதர்களின் வாய், மூக்கு, தொண்டையில் வாழ்பவை. கண்ணுக்குள் போனால் மட்டும் அவற்றின் முகமே வேறு. குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளில் சில வெளியிடும் நச்சு, விழித்திரையை வேகமாக அழிக்கும். தாமதமாக வரும் தொற்று அதிக ஆபத்தானதாகக் கருதப்பட இதுதான் காரணம்.

தொற்று எப்படிப் பரவுகிறது?

முதல் கட்டத்தில் கிருமி பிளெப்பில் மட்டும் இருக்கும். கண் சிவந்திருக்க, நடுவே பிளெப் மட்டும் பால் போல வெளுத்துத் தெரியும். இந்தக் கட்டத்தில் வந்துவிட்டால் தீவிரமான ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துகளாலேயே பெரும்பாலும் காப்பாற்றிவிட முடியும்.

அடுத்து, கண்ணின் முன் அறைக்குப் பரவும். மூன்றாவது கட்டம்தான் மோசம். கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் ஜெல் போன்ற பகுதிக்குள் கிருமி போய்விடும். ‘எண்டாப்தல்மைடிஸ்’ என்பது இதுதான். அந்த ஜெல்லில் ரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால் நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர நேரமாகும், மாத்திரையும் சொட்டு மருந்தும் போதுமான அளவு போய்ச் சேராது. பாக்டீரியாவுக்கோ அது தங்குதடையின்றிப் பெருகும் இடம்.

எனவே மருந்தை ஊசி மூலம் நேரடியாகக் கண்ணுக்குள் செலுத்த வேண்டியிருக்கிறது. வழக்கமாக வான்கோமைசின், செஃப்டாசிடைம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகள். ஒன்று ஒரு வகை பாக்டீரியாவையும் மற்றது இன்னொரு வகையையும் பார்த்துக்கொள்ளும். ஊசி போடும் முன் கண்ணிலிருந்து ஒரு துளி மாதிரி எடுத்து, எந்தக் கிருமி என்று கண்டறிய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ரிசல்ட் வரும்வரை சிகிச்சை காத்திருக்காது. தேவைப்பட்டால் ‘விட்ரெக்டமி’ என்ற ஆபரேஷன் மூலம் சீழ் பிடித்த ஜெல்லையே அகற்றுவார்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது?

ஜப்பானில் 34 மருத்துவ மையங்கள் சேர்ந்து, மைட்டோமைசின் பயன்படுத்தி ஆபரேஷன் செய்த 1,098 கண்களைத் தொடர்ந்து கண்காணித்தன. 2014-ல் வெளியான அந்த முடிவின்படி, ஐந்து ஆண்டுகளில் பிளெப் தொற்று வந்தது சுமார் 2.2 சதவீதம். அதாவது நூறு பேரில் இரண்டு பேர்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிளெப்பில் கசிவு ஏற்பட்டிருந்தவர்களில் இது சுமார் 7.9 சதவீதம். கசிவே இல்லாதவர்களில் 1.7 சதவீதம்தான். வயது குறைந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. இமை ஓர அழற்சி, கண்சவ்வு அழற்சி, இமையால் மூடப்படாமல் கண்ணின் கீழ்ப்பகுதியில் அமைந்த பிளெப் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. ஆரஞ்சு நிறச் சாயத்தைப் பிளெப் மேல் தடவி நீல ஒளியில் பார்த்தால், கசியும் இடத்தில் சாயம் கரைந்து ஓடை போல வழிவது தெரியும். ‘ஒண்ணும் தொந்தரவு இல்லையே, எதுக்கு செக்-அப்?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கசிவு வலிக்காது. காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வழிவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

டியூப் வைத்தால் தப்பிக்கலாமா?

டிராபெகுலெக்டமி பலன் தராதவர்களுக்கு, சிலிக்கான் டியூப் ஒன்றைப் பொருத்தித் திரவத்தை வெளியேற்றுவதும் உண்டு. இறக்குமதி செய்யப்படும் கருவிகளின் விலை எட்டாக்கனியாக இருந்த நிலையில், மதுரையில் உள்ள ஆரோலேப் நிறுவனம் தயாரித்த குறைந்த விலைக் கருவி பலருக்கு இந்தச் சிகிச்சையைச் சாத்தியமாக்கியது.

இதிலும் தொற்று வரலாம். டியூப்புக்கு மேலே இருக்கும் சவ்வு அரித்துப்போய் டியூப் வெளியே தெரிய ஆரம்பித்தால் அதுவே கிருமிக்கு நெடுஞ்சாலை. அதைத் தடுக்கத்தான் டியூப்பின் மேல் தானமாகப் பெற்ற கண் திசுவை வைத்து மூடுகிறார்கள். டியூப் வெளியே தெரிந்தால், கண் சிவக்காவிட்டாலும் சரிசெய்தாக வேண்டும்.

சொட்டு மருந்து பாட்டிலும் கவனம்

கிளாகோமா நோயாளிகள் பலர் ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து போடுகிறவர்கள். பாட்டில் முனை இமை முடியிலோ விரலிலோ பட்டால், அங்கிருக்கும் பாக்டீரியா முனையில் ஒட்டிக்கொண்டு, அடுத்த சொட்டோடு கண்ணுக்குள் வரும்.

கெட்டுப்போன ஒரு பாட்டில் என்ன செய்யும் என்பதற்கு 2023-ல் அமெரிக்காவில் நடந்தது ஓர் உதாரணம். கண் வறட்சிக்கான செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடைய, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ‘சூடோமோனாஸ்’ தொற்று 18 மாகாணங்களில் 81 பேரைப் பாதித்தது. 4 பேர் இறந்தனர். 14 பேர் பார்வை இழந்தனர். 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. அந்த மருந்து தயாரானது சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தில். அது கிளாகோமா மருந்து அல்ல. ஆனாலும் ‘சொட்டு மருந்துதானே’ என்ற அலட்சியத்துக்கு இடமில்லை என்பதை அது காட்டியது.

கிளாகோமாவே கிருமியால் வருமா?

சில வகைகள் வரும். அக்கி, ஹெர்பிஸ் போன்ற வைரஸ்கள் கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கி, வடிகால் சல்லடையைப் பாதித்து அழுத்தத்தை ஏற்றலாம். ஆனால் பெரும்பாலானோருக்கு வரும் சாதாரண கிளாகோமா தொற்றுநோய் அல்ல, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

ஆய்வு உலகில் ஒரு சுவாரஸ்யமான கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. கிருமிகளே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் கண் அழுத்தத்தை ஏற்றியபோதும் நரம்புச் சேதம் தொடரவில்லை என்று 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். உடம்பில் வாழும் பாக்டீரியாக்களால் பழக்கப்பட்ட நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் நரம்புச் சேதத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. இது எலிகளில் கண்டது. இதை வைத்து யாரும் ஆன்டிபயாடிக் சாப்பிடவோ, சொட்டு மருந்தை நிறுத்தவோ கூடாது.

அப்படியானால் ஆபரேஷனே வேண்டாமா?

அப்படி இல்லை. அழுத்தம் அடங்காத கிளாகோமாவை விட்டுவைத்தால் பார்வை போவது உறுதிக்கு நெருக்கமான விஷயம். தொற்று வருவதோ நூற்றில் சிலருக்கு. அதையும் ஆரம்பத்தில் பிடித்தால் அடக்க முடியும். பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது நஷ்டம். செய்துகொண்ட பிறகு மறந்துபோவதும் நஷ்டம்.

வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தால்:

• கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், பீளை அல்லது நீர் வழிதல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவசரப் பிரிவுக்கு.

• போன உடனே, ‘கிளாகோமா ஆபரேஷன் செய்த கண்’ என்று முதலில் சொல்ல வேண்டும். எந்தக் கண், எந்த வருடம், என்ன ஆபரேஷன் என்ற விவரத்தையும் டிஸ்சார்ஜ் சம்மரி போட்டோவையும் போனில் வைத்திருப்பது நல்லது.

• மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்றை மறைத்துவிடும். அதையே நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் ஏறலாம்.

• தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடக் கூடாது. இவை எதுவும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல.

• கண்ணைக் கசக்கக் கூடாது. நீச்சல், கான்டாக்ட் லென்ஸ் இரண்டுக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

• சொட்டு மருந்து போடும் முன் கையைக் கழுவ வேண்டும். பாட்டில் முனை எதிலும் படக் கூடாது. திறந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதி, பொதுவாக நான்கு வாரத்தில் தூக்கிப் போட வேண்டும். ஒருவர் மருந்தை மற்றவர் பயன்படுத்தக் கூடாது.

• பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாகோமா இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். அவர்களைச் செக்-அப்புக்கு அழைத்துப் போகும் அன்றே உங்கள் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.